துக்க வீட்டிலும் ஒரு குடில்

(திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு ‘மகிழ்ச்சி ஞாயிறு’ என்று பெயர். ஊதா நிற மெழுகுதிரிகளுக்கு நடுவே இன்று இளஞ்சிவப்பு மெழுகுதிரியை ஏற்றுகிறோம். குருவின் திருவுடையும் அதே நிறத்தில் இருக்கலாம் என்பது திருச்சபையின் வழக்கம். பல பங்குகளில் அந்த நிறத் திருவுடை கிடையாது. ஊதாவையே உடுத்திக்கொண்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம். அதுவும் பொருத்தம்தான் என்பது இந்த உரையின் முடிவில் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு இன்னும் சில நாள்களே உள்ளன. தாம்பரம் சண்முகம் சாலையில் ஸ்டார் தொங்கத் தொடங்கிவிட்டது. சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று நம் புறநகர் முழுவதும் மாடிப் படிகளிலும் பால்கனிகளிலும் விளக்குகள் ஏறுகின்றன. நம் பங்குகளின் குடும்பங்களைப் பார்த்தால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் குறைவு. வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் பலர். கேரளத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உண்டு. ஒவ்வொருவரும் தங்கள் ஊர் கிறிஸ்மஸைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார்கள்.

அது முதலில் தெரிவது அடுப்படியில்தான். ஒரே அடுக்குமாடியில் ஒரு வீட்டில் அதிரசத்துக்கு மாவு இடிக்கிறார்கள், இன்னொரு வீட்டில் அச்சுமுறுக்குக்கு அச்சைக் காய வைக்கிறார்கள், மற்றொரு வீட்டில் கல்கல் உருட்டுகிறார்கள். கன்னியாகுமரிக்காரர் வீட்டில் முந்திரிக்கொத்து. வறுத்த பாசிப்பயற்றை உடைத்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருண்டை பிடித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டும். தனி ஆளாகச் செய்தால் பொழுது போதாது. ஒருவர் உருட்ட, ஒருவர் தோய்க்க, ஒருவர் எண்ணெய்ச் சட்டியருகே நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும் ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு அறையில் இருக்கும் குடும்பம் அன்று ஒரு சட்டியைச் சுற்றி உட்காருகிறது. கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பலகாரத்தை ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். உட்காருவதற்காகத்தான்.

அடுத்தது குடில். டிசம்பர் நடுவில் ஒரு தட்டில் மண்ணோ தேங்காய் நார்த்தூளோ பரப்பி, கேழ்வரகையோ நெல்லையோ தூவி, தண்ணீர் தெளித்து, நிழலில் வைக்கிறோம். ஊரில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடும் பக்குவம் தெரிந்த கைகள்தானே, அதே பக்குவம்தான். கிறிஸ்மஸ் நெருங்கும்போது பெத்லகேமின் புல்வெளி தயார். காகிதத்தைக் கசக்கிப் பாறை. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். கூரைக்கு வைக்கோல். சிலர் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று தூவுகிறார்கள். தாம்பரத்தில் பனி பெய்ததைப் பார்த்தவர் யாருமில்லை. இருந்தாலும் பிள்ளைகள் ஆசைப்பட்டால் தூவட்டும். குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் அலமாரியிலேயே இருக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த பிறகு வீட்டின் கடைக்குட்டி அதைத் தீவனத் தொட்டியில் வைக்க வேண்டும். மூவரசர்களைத் தொலைவில் வைத்து, நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழாவன்று கொண்டுவந்து சேர்க்கும் வீடுகளும் உண்டு. மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் ஓராண்டு சொல்லிக்கொடுப்பதை ஒரு குழந்தை அந்த இரண்டு வாரத்தில் விரலாலேயே கற்றுக்கொள்கிறது.

குடிலின் வரலாற்றில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலையூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தார். கிறிஸ்மஸுக்குச் சுமார் பதினைந்து நாள் முன்பே அவ்வூரைச் சேர்ந்த யோவான் என்ற நண்பரிடம் சொல்லி, வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார். அப்போது அவர் உடல் நலிந்தவர்; மூன்று ஆண்டுகளில் இறந்தும் போனார். பெத்லகேம் குழந்தை எவ்வளவு வசதியின்றிக் கிடந்தது என்பதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஊர் மக்கள் பந்தம் ஏந்தி வந்தார்கள். தீவனத் தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அந்த முதல் குடிலில் மரியா, யோசேப்பு சுரூபங்கள் இல்லை. குழந்தை சுரூபமும் இல்லை. தொட்டி வெறுமையாக இருந்தது. அங்கே நின்றவர்களுள் ஒருவர் மட்டும் தொட்டியில் ஒரு குழந்தை உறங்குவதையும் பிரான்சிஸ் அதை எழுப்புவதையும் கண்டதாக அவரது வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். 2019 டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குச் சென்று, குடிலைப் பற்றிய ஒரு திருமடலில் கையெழுத்திட்டார். வீடுகளில் குடில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்று அதில் ஊக்கப்படுத்தினார்.

நம் குடில்களின் முன்னோடி ஒரு வெற்றுத் தொட்டி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, உண்மையில் இன்று பேச வந்த செய்திக்கு வருவோம்.

டிசம்பரில் பங்குக் குருக்களாகிய நாங்கள் வீடுகளைச் சந்திக்கப் போகும்போது, ஒவ்வோர் ஆண்டும் சில வீடுகளில் ஒரே வாக்கியத்தைக் கேட்கிறோம். தெற்கத்திப் பெரியவர்கள், “இந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்ல சாமி” என்கிறார்கள். இளையவர்கள், “இந்த வருஷம் நாங்க கொண்டாடல ஃபாதர்” என்கிறார்கள். அந்த ஆண்டு அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். ஸ்டார் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, புத்தாடை எடுக்கவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும். பக்கத்து பால்கனியின் நட்சத்திரம் நீலமும் சிவப்புமாக மாறி மாறி அந்தக் கூடத்துக்குள் அடிக்கும்.

இந்த வழக்கத்தை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. இது திருச்சபைச் சட்டம் இல்லை, எந்த மறைக்கல்வி நூலிலும் இல்லை. ஆனால் தமிழர் துக்கத்தின் நெடிய அறிவு இதில் இருக்கிறது. சிரிக்க முடியாத ஒருவரைச் சிரிக்கச் சொல்லாதே என்கிறது இவ்வழக்கம். அதோடு அக்கம் பக்கத்தார்க்கு ஒரு கடமையையும் வைக்கிறது. துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை என்பதால் மற்றவர்கள் சுட்டுக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஊரில் அப்படித்தான் நடக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம் இந்து அயலாரிடமும் இதே முறை உண்டு. தூக்குப் பாத்திரத்தோடு வந்து, உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றிப் பேசி, கொஞ்சம் அழுது, போவார்கள். அதுதான் அந்த வீட்டின் கிறிஸ்மஸ்.

புறநகருக்கு வந்தபோது இந்த வழக்கத்தின் ஒரு பாதி மட்டும் ரயிலேறி வந்துவிட்டது. கொண்டாடக் கூடாது என்ற பாதி வந்தது. தூக்குப் பாத்திரத்தோடு வரவேண்டிய அண்டை வீட்டார் வரவில்லை. அடுத்த கதவில் சாவு நடந்ததே சிலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், “பாவம், துக்க வீடு, தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று ஒதுங்குகிறார்கள். கேரல்ஸ் குழுவும் அந்தக் கதவைத் தாண்டிப் போகிறது. அன்பியப் பொறுப்பாளர் பட்டியலில் அந்த வீட்டு எண்ணின் மேல் ஒரு கோடு. மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு, டிரம் ஓசை ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்து, தங்கள் வாசலில் நின்று, ஓசையடங்கி நழுவிப் போவது கேட்கும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவரை இழந்த பெண்ணுக்கு இந்த ஓராண்டு, ஓராண்டோடு முடிவதில்லை. குடிலைத் திறந்து வைக்க, கேக் வெட்ட, மருமகளுக்குப் பூ வைக்க அவர் முன்னால் வரக் கூடாது என்று கிறிஸ்தவ வீடுகளிலேயே இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதற்கு மரியாதை என்று பெயர் வைக்க முடியாது. நற்செய்தியில் குழந்தை இயேசுவைக் கோவிலில் கண்டு, எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசியவர் யார்? அன்னா. மணமாகி ஏழே ஆண்டுகளில் கணவரை இழந்தவர். எண்பத்து நான்கு வயது என்று லூக்கா கணக்கோடு குறிப்பிடுகிறார். ஒரு கைம்பெண்ணின் வாயால்தான் அந்நகர் அந்த நல்ல செய்தியைக் கேட்டது. அவரைப் பின்வரிசைக்கு அனுப்ப நாம் யார்?

பிரியமானவர்களே, பெத்லகேம் என்ற ஊரையே சற்று எண்ணிப் பாருங்கள். வாழ்த்து அட்டைகளில் அது விளக்குகள் மின்னும் அழகான ஊர். விவிலியத்தில் அது சாவு விழுந்த ஊர். யாக்கோபின் அன்பு மனைவி ராகேல் பிள்ளைப்பேற்றில் இறந்து, பெத்லகேமுக்குப் போகும் வழியில் அடக்கம் செய்யப்பட்டார். பின்பு ரூத்து நூலில் நகோமி வருகிறார். பஞ்சத்துக்காக மோவாபு நாட்டுக்குப் பிழைக்கப் போன குடும்பம் அது. நம்மைப் போலவே ஊரை விட்டுப் போனவர்கள். போன இடத்தில் கணவரும் இரண்டு மகன்களும் இறந்துபோக, மருமகள் ரூத்தோடு அவர் பெத்லகேமுக்குத் திரும்புகிறார். ஊர்ப் பெண்கள், இது நகோமிதானா என்று திகைக்கிறார்கள். இனி என்னை இனியவள் என்று பொருள்படும் அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள், கசப்பு என்று பொருள்படும் மாரா என்றே கூப்பிடுங்கள் என்கிறார் அவர். எங்களுக்கு இந்த ஆண்டு கிறிஸ்மஸ் இல்லை என்று சொல்லும் அதே குரல்தான்.

விவிலியம் அந்தக் கசப்பைக் கண்டிக்கவில்லை. நகோமியைச் சிரிக்கச் சொல்லவும் இல்லை. வாற்கோதுமை அறுவடைக் காலம். ரூத்து வயலில் கதிர் பொறுக்கி வருகிறாள், இருவரும் சாப்பிடுகிறார்கள், நாள் நகர்கிறது. கடைசி அதிகாரத்தில் ரூத்துக்குப் பிறந்த குழந்தையை நகோமி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அந்தக் குழந்தை ஓபேது. தாவீது அரசரின் பாட்டனார். டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கும் நீண்ட தலைமுறை அட்டவணையில், வாசிப்பவர்கள் நாக்குப் பிசகுமோ என்று அஞ்சும் அந்தப் பெயர் வரிசையில், ரூத்தின் பெயரும் ஓபேதின் பெயரும் இருக்கின்றன. இரண்டு கைம்பெண்கள் வாழ்ந்த ஒரு துக்க வீட்டின் வழியாகத்தான் இயேசுவின் வம்சம் வருகிறது.

திருச்சபையின் நாட்காட்டியும் துக்கத்தை வாசலில் நிறுத்தவில்லை. கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் முதல் மறைசாட்சி ஸ்தேவானின் விழா. 28-ஆம் நாள் ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் விழா. நள்ளிரவுத் திருப்பலியிலும், எல்லா விளக்கும் எரிந்து, எல்லாரும் புத்தாடையில் நிற்கும் அந்நேரத்திலும், நற்கருணை மன்றாட்டின் நடுவே இறந்தவர்களை நினைவுகூராமல் நாம் மேலே போவதில்லை.

நம் தமிழகக் கடற்கரை இதைப் பாடமாகப் படிக்கவில்லை, பட்டே கற்றது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்மஸ் பலகாரம் டப்பாவில் இருந்த நேரத்தில் சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் இறந்தார்கள். குமரிக் கடற்கரையில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் தங்கள் பிள்ளைகளைப் புதைத்தன. அந்த ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் 25-ஆம் நாள் பிறப்பு விழா, 26-ஆம் நாள் நினைவு நாள். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கிறிஸ்மஸை விட்டுவிட்டால் துக்கம் குறையும் என்று அம்மக்கள் நினைக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் சுமக்கிறார்கள். நம் பக்கத்திலும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தபோதும், 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும், கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருக்கையில் சேறு வழித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கேரல்ஸ் குழுவினருக்கு. துக்க வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். முந்திய நாளே யாராவது ஒருவர் போய், வரலாமா என்று கேளுங்கள். வரலாம் என்றால் டிரம்மையும் தாத்தா வேடத்தையும் கீழேயே விட்டுவிட்டு நான்கைந்து பேர் மேலே போங்கள். அமைதியான ஒரு பாட்டு, இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு செபம், அது போதும். அந்த வீட்டில் காணிக்கை உறையை நீட்டாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் அதையும் மதியுங்கள். மறுநாள் இருவர் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அக்கம் பக்கத்தாருக்கு. முந்திரிக்கொத்து சுடும்போது இன்னும் இருபது சேர்த்துச் சுடுங்கள். பார்சலை வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வது பலகாரம் கொடுத்ததாகாது. உள்ளே போங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசினால் அழுவார்களே என்று பயப்பட வேண்டாம். அவர் பெயரை யாரும் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய பாரம்.

அந்த வீட்டின் பெரியவர்களுக்கு. ஸ்டார் கட்ட மனமில்லை என்றால் கட்ட வேண்டாம், புத்தாடையும் வேண்டாம். குடிலை மட்டும் வையுங்கள். சின்னதாக, அப்பா படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் பாட்டி இறந்த சில மாதங்களில் கிறிஸ்மஸ் வந்தது. ஆண்டுதோறும் கேழ்வரகு தூவுகிறவர் அந்தப் பாட்டிதான். வீட்டில் எல்லாரும் இந்த முறை ஒன்றும் வேண்டாம் என்றிருக்க, பத்து வயதுப் பேரன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், யாருக்கும் சொல்லாமல், ஒரு பிளாஸ்டிக் மூடியில் தூவி வளர்த்திருக்கிறான். அவனுக்குத் தண்ணீர் அளவு தெரியவில்லை. பாதி அழுகிப் போயிருந்தது. மீதியைப் பாட்டி படத்துக்கு முன் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் துக்கம் உண்டு என்பதைப் பெரியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பாட்டி கற்றுக்கொடுத்த வேலையைச் செய்வதுதான் அவனுக்குத் தெரிந்த அழுகை. அதைத் தடுக்காதீர்கள்.

கணவரையோ பிள்ளையையோ இழந்தவர்களே, 18-ஆம் நாள் முடிந்தால் பரங்கிமலைக்கு ஏறி வாருங்கள். 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய அந்த ஆலயம், பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பழைய வழக்கப்படி அன்னையின் அந்த விழா டிசம்பர் 18. ஸ்பெயினில் ஏழாம் நூற்றாண்டில் தோன்றிய விழா, கடல் கடந்து நம் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள மலைமேல் வந்து அமர்ந்திருக்கிறது. நிறைமாதத்தில், சத்திரத்தில் இடம் கிடைக்குமா என்று தெரியாமல் நிற்கும் தாயிடம் உங்கள் கசப்பை அப்படியே சொல்லலாம்.

நள்ளிரவுத் திருப்பலியின் கூட்டமும் வாழ்த்தும் கைகுலுக்கலும் தாங்க முடியாது என்று சிலர் அன்று கோயிலுக்கே வருவதில்லை. அவர்களுக்குத் திருச்சபை வேறொரு திருப்பலியையும் வைத்திருக்கிறது. கிறிஸ்மஸ் விடியற்காலைத் திருப்பலிக்கு இடையர்களின் திருப்பலி என்று பழைய பெயர் உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த இடையர்கள் குழந்தையைப் பார்க்கப் போன பகுதிதான் அன்றைய நற்செய்தி. மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பதும் அதில்தான் வருகிறது. இரவு விழித்தவர்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அந்தப் பூசைக்குக் கூட்டம் இருக்காது. பழைய சேலையில் வரலாம். பின் வரிசையில் உட்காரலாம். யாரும் ‘ஹேப்பி கிறிஸ்மஸ்’ என்று வந்து கையைப் பிடிக்க மாட்டார்கள். இறந்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்து கோயில் குடிலின் வைக்கோலில் வையுங்கள். திருக்காட்சிப் பெருவிழா வரை அந்தச் சீட்டு அங்கேயே இருக்கும், நாங்கள் அதை எடுக்க மாட்டோம். பூசை முடிந்து அரை மணி நேரம் குடிலருகில்தான் நிற்போம்.